கோலத்தில் நிறம் எங்கே சொதப்புகிறது?

நடு வரிசையில் 7 புள்ளி, இருபுறமும் 4 வரை குறையும் ஊடுபுள்ளி (இரு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசைப் புள்ளி) வைத்தால் மொத்தம் 37 புள்ளி. இதில் ஆறிதழ்ப் பூவும் நட்சத்திரமும் தானாக வந்து விழும். அதே 7-ஐ நேர்ப்புள்ளியாக (புள்ளிக்கு நேரே புள்ளி) இருபுறமும் 1 வரை இறக்கினால் 25தான். கண்ணுக்கு டைமண்ட் கட்டம் தெரியும். வடிவம் புள்ளியிலேயே முடிவாகிவிடுகிறது.

நிறம் தனிக்கதை. சிவப்பையும் பச்சையையும் ஒட்டிப் போட்டால், இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருக்கும்போது விளிம்பு துடிப்பதுபோல் இருக்கும். நடுவே விரல் அகல வெள்ளைக் கோடு விட்டால் துடிப்பு அடங்கும். பக்கத்து நிறம் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை பிரான்சின் வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். அவர் கவனித்தது நெசவு நூலை. சாம்பல் சிமென்ட் தரைகூட மஞ்சளுக்குப் பக்கத்தில் லேசாக நீலம் பாய்ந்தாற்போல் தெரியும்.

ஈரத் தரையில் வெள்ளைக் கோடு உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும். அதனால் கோட்டை ஒல்லியாக இழுங்கள். கலர் பொடியை மட்டும் ஈரம் காய்ந்த பிறகு தூவ வேண்டும். இல்லாவிட்டால் பொடி நனைந்து கறுத்து, வெள்ளைக்குள் கசியும். சலித்த மணல் கலந்தால் திட்டுத்திட்டாக விழாது. ஐந்தாறு நிறம் போடுவது எனக்கு ஒப்பாது. மூன்று போதும், அதில் ஒன்று காவி.