மந்திர விதி, மூணாவது முயற்சி: சோழி தேய்க்கும் படலம்

பகடை உருட்டிக் கதை நடத்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், மந்திரம் ஓதுவதற்கு நானே சொந்தமாக ஒரு விதி எழுதுகிறேன், அதற்குப் பகடைக்குப் பதில் சோழி. ஆறாவது சோழி நேற்று ராத்திரி தேறிவிட்டது. நூறு தடவை உருட்டியதில் 51 வாய் மேலே இருக்க மலர்ந்தது, 49 கவிழ்ந்தது. இன்னும் இரண்டு தேறினால் மந்திரவாதிக்கான எட்டும் கைக்கு வந்துவிடும். விதிப்புத்தகம் அதற்கப்புறமும் அரைகுறையாகத்தான் கிடக்கும், அது வேறு கதை.

ஒவ்வொரு நிலை மந்திரத்தையும் இத்தனை தடவைதான் ஓதலாம், படுத்து எழுந்தால்தான் திரும்ப வரும் என்கிற ஸ்லாட் முறையை ஏன் தூக்கிப் போட்டேன் என்று விளக்க வேண்டியதில்லை, எல்லா மேசையிலும் இதே புகார்தான். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2. எங்கள் கதையில் வட்டக்கோட்டை சாயலில் ஒரு கடற்கரைக் கோட்டை இருக்கிறது. காலை பத்து மணிக்கு உள்ளே நுழைவார்கள், மூன்றாம் நிலைத் தீ மந்திரமான ஃபயர்பால் இரண்டு வெடிக்கும், பத்தேகாலுக்கு "அண்ணே, ஒரு எட்டு மணி நேரம் படுத்து எந்திச்சிருவமா?" என்பான் விசார்ட். கோட்டைக்குள்ளே எதிரிகள் என்ன, மட்டிப்பழம் உரித்துத் தின்றுகொண்டு காத்திருப்பார்களா?

அடுத்து 2014 கையேட்டில் இருக்கிற, புள்ளி செலவழித்து மந்திரம் ஓதுகிற முறையைப் பார்த்தேன். அதே விசார்டுக்கு 27 புள்ளி, மூன்றாம் நிலை மந்திரத்துக்கு விலை 5. கணக்கு தெரிந்த பையன் அவன். முதல் சண்டையிலேயே ஐந்து ஃபயர்பால், மிச்சம் 2 புள்ளி. ஒவ்வொன்றும் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. நான் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த கோட்டைக் காவல் அரை மணி நேரத்தில் கரி. அந்த விதி இரண்டு செஷன் கூடத் தாங்கவில்லை.

எனக்கு வேண்டியது மந்திரம் ஓதும்போது கை நடுங்குகிற ஒரு விதி. எத்தனை தடவை ஓதலாம் என்ற கணக்கு பின்னால் வரட்டும், ஒவ்வொரு தடவையும் ஓதுகிறவன் எவ்வளவு துணிகிறான் என்பதுதான் விளையாட்டாக இருக்க வேண்டும். அப்படி வந்ததுதான் சோழி.

விதி இவ்வளவுதான். மந்திரவாதியிடம் எட்டு சோழி. இரண்டாம் நிலை மந்திரத்துக்கு இரண்டு மலர வேண்டும், மூன்றாம் நிலைக்கு மூன்று. எத்தனை சோழியைக் கையில் எடுப்பது என்பது அவன் இஷ்டம். குறைந்தால் மந்திரம் பலிக்காது, ஒரு சோழி ஒரு சாமம் உறங்கப் போய்விடும். கூடினால் கூடின சக்தி ஓதினவன் உடம்பிலேயே அடிக்கும். முதலில் கூடின ஒவ்வொன்றுக்கும் அடி என்று வைத்தேன். இரண்டாம் நிலைக்கு ஆறு சோழி எடுத்தால் 64இல் 42 தடவை அடி விழும், இதற்கு மந்திரவாதி சும்மா கத்தி எடுத்துச் சண்டை போடலாம். அதனால் முதல் ஒன்று மன்னிப்பு, இரண்டாவதிலிருந்துதான் அடி என்று மாற்றினேன். இப்போது நாலு எடுத்தால் 69 சதவீதம் பலிக்கும், அடி விழ 6 சதவீதம். ஐந்து எடுத்தால் 81க்கு 19. ஆறு எடுத்தால் 89க்கு 34. இந்த ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் விசார்டின் கை நடுங்குகிறது. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு.

அடிக்கு என்ன பெயர் என்று யோசிக்கவே இல்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு வேறு எங்கே போய்த் தேடுவது? வர்மம், அடி பட்டால் ஆளைச் சாய்த்துவிடுகிற உடம்புப் புள்ளிகள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது பக்கத்தில் கிடந்த பகடைகள் கண்ணில் பட்டன. பன்னிரண்டு முகப் பகடை ஒன்று உருட்டினால் படுவர்மம். எட்டு முகமும் பன்னிரண்டு முகமும் சேர்த்து உருட்டினால் எட்டுப் பன்னிரண்டு 96, அச்சாகத் தொடுவர்மம். ஒரு கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். இதைக் கண்டுபிடித்ததற்கு யாராவது ஒரு டீ வாங்கித் தரலாம்.

பொட்டுக்காலம், நட்சத்திரகாலம், பிடரிகாலம், உறக்ககாலம். பெயரைச் சொன்னாலே மேசையில் சத்தம் அடங்கிவிடுகிறது. புள்ளி உடம்பில் சரியாக எங்கே, எத்தனை விரல் தள்ளி என்பதெல்லாம் விதியில் கிடையாது. அது ஆசான்மார் ஆளைப் பார்த்துச் சொல்லித் தருகிற விஷயம், நான் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விளைவைச் சொந்தமாக எழுதுகிறேன். 96இல் 31தான் ஆகியிருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் "கண் இருட்டும்", "கை மரக்கும்" என்று சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம்.

சரி, சோழிக்கு வருகிறேன். கன்னியாகுமரி கடற்கரையில் சங்கு விற்கிற கடை ஒன்றில் கால் கிலோ வாங்கினேன். மாலை கட்டுகிற சோழி, முதுகில் ஓட்டை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்க அரை மணி நேரம். கடைக்காரர் "ஜோசியம் பாக்கவா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன், விலையில் கொஞ்சம் குறைத்தார்.

முதல் செஷன் படுதோல்வி. விசார்ட் மூன்று மணி நேரத்தில் இரண்டே இரண்டு மந்திரம் பலிக்க வைத்தான். "என் ஆளைக் கொன்னுரு மக்கா, இது மந்திரவாதி இல்ல, சோழி விக்கிறவன்" என்று எழுந்தே போய்விட்டான். தாளில் 69 என்று இருப்பது மேசையில் ஏன் இப்படி? வீட்டுக்கு வந்து எட்டு சோழிக்கும் உள்வாயில் மார்க்கரால் எண் போட்டு, சிரட்டையில் குலுக்கி, கோரைப்பாயில் ஒவ்வொன்றையும் நூறு தடவை உருட்டினேன். 36, 41, 33, 39, 44, 38, 35, 40. எண்ணூறில் 306. முப்பத்தெட்டு சதவீதம்! இதை வைத்துக் கணக்குப் போட்டால் நாலு சோழியில் இரண்டு மலர வாய்ப்பு 49தான். பையன் கோபப்பட்டது நியாயம்.

காரணம் சோழியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். வாய்ப்பக்கம் தட்டை, முதுகு கூன். முதுகில் விழுந்தால் ஆடி உருண்டு கடைசியில் வாய்ப்பக்கம் படுத்துக்கொள்ளும். டைல்ஸ் தரையில் இன்னும் மோசம், பம்பரம் மாதிரி சுற்றும். பாயில்தான் கொஞ்சமாவது அடங்குகிறது. அப்படியென்றால் கூனைக் குறைக்க வேண்டும்.

உப்புத்தாள் 120ஆம் நம்பர், தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் அந்த வெள்ளைத்தூள் மூக்கில் ஏறி மூன்று நாள் இருமல், பட்டுத் தெரிந்துகொண்டேன். தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, சோழியைக் கவிழ்க்காமல் முதுகு கீழே இருக்கப் பிடித்து, எட்டு எழுதுகிற மாதிரி சுற்ற வேண்டும். நேராக இழுத்தால் ஒரு பக்கம் சாய்ந்து தேயும். பத்துச் சுற்று, துடை, நூறு உருட்டு, எழுது. மறுபடி பத்துச் சுற்று. கொஞ்ச நேரத்தில் மேலே இருக்கிற மஞ்சள் போய் உள்ளேயிருந்து ஊதா எட்டிப் பார்க்கும். அந்த ஊதா ஒரு பைசா அளவு விரிந்ததும் 120ஐ விட்டு 220க்கு மாறிவிட வேண்டும். மூன்றாம் நம்பர் சோழியில் நான் மாறவில்லை. டொப்பென்று முதுகு திறந்துகொண்டது. ஓட்டை விழுந்த சோழி முதுகில் சப்பென்று உட்கார்ந்துவிடும், நூற்றுக்கு 63 மலர்ந்தது. எம்-சீல் வைத்து அடைத்துப் பார்த்தேன், முதுகு கனத்து 67 ஆனது. என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல. அது இப்போது கேம் மாஸ்டர் சோழி, அதாவது ஆட்டத்தை நடத்துகிற என்னுடையது, என் வில்லன் மட்டும் உருட்டுவான்.

நூறு உருட்டலுக்கு 50 தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சரியான சோழி கூட ஐந்து முன்னே பின்னே போகும், அது கணக்கிலேயே இருக்கிறது. 45க்கும் 55க்கும் நடுவில் இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் நான் தேறியதாக வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது நூறு உருட்டும்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி சத்தம் கேட்டு அம்மாவிடம் விசாரித்தார்களாம், தம்பி பிரசன்னம் பார்க்கப் படிக்கிறானா என்று.

பகடை வாங்குகிற விஷயம் ஒன்று. ஆன்லைனில் வாங்கிய ஒரு செட்டில் இருபது முகப் பகடையில் 7 இரண்டு தடவை இருக்கிறது, 17 இல்லை. படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. நாகர்கோவிலில் கடையில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்க இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வர்மத்துக்கு இளக்குமுறை, அதாவது பட்ட அடியை எடுத்துவிடுகிற வைத்தியம், அதன் விதி இன்னும் எழுதவில்லை. படுவர்மம் பட்டால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், தவறினால் ஆள் போச்சு என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு நாழிகை 24 நிமிஷம், மேசையில் மணல் கடிகாரம் கூட வைக்கலாம். கிளெரிக்காக, அதாவது காயம் ஆற்றுகிற பூசாரியாக, விளையாடுகிறவருக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம். மழை நாளில் பால்வெட்டு கிடையாது, அன்றைக்குத்தான் எங்களுக்கு செஷன். அடி பட்ட கணக்குக்கு ரப்பர் கொட்டை ஒரு சாக்கு தருகிறேன் என்றிருக்கிறார். ஒரு சாக்கு எதற்கு என்று தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை.

முந்தாநாள் அம்மா அடுக்களையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எதுக்குலே கெடந்து கஷ்டப்படுத? தாயம் உருட்டுத புளியங்கொட்டைய ஒரு பக்கம் தேய்ச்சா போராதா?" என்று கேட்டுவிட்டு, வாசல் திண்ணையில் இரண்டு உரசு உரசி நாலு கொட்டையைக் கொண்டு வந்து போட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு, ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஒன்றை எடுத்து நூறு உருட்டினேன். 48. இன்னொன்று, 52.

48, 52 என்று எழுதின தாளைக் கசக்கிப் போட்டேன். புளியங்கொட்டைக்குச் சிரட்டையில் அந்த சத்தம் வராது, விசார்டுக்கு அந்த சத்தம் வேண்டும்.

ஏழாவது சோழி 43இல் நிற்கிறது. இன்னும் பத்துச் சுற்று போதும் என்று தோன்றுகிறது. மூன்றாம் நம்பரை நினைத்து ஐந்து சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.