கர்கசோன் கோட்டை மாடல்: கூரை வேலைக்கு வந்தாச்சு

ஏழாவது வாரம் முடியுது, சுவர் எல்லாம் எழும்பி இப்ப கூரையில நிக்கிறேன். முழுக் கோட்டையையும் பண்ணணும்னுதான் ஆசை, ஆனா தெற்கு பிரான்ஸ்ல இருக்குற கர்கசோனுக்கு ரெண்டு சுத்து மதில், 52 கோபுரம், மதில் நீளம் மட்டும் 3 கிலோமீட்டர், நம்ம மேசையில அது அடங்காது. அதனால உள்கோட்டையில மூணு கோபுரம், அதை ஒட்டுன மதில்ல ரோமர் காலத்து கோபுரம் ரெண்டு, இது போதும்னு எடுத்துக்கிட்டேன்.

ரோமர் கோபுரம் வெளிப்பக்கம் வளைவா, உள்பக்கம் தட்டையா லாடம் மாதிரி இருக்கும், சின்னச் சின்ன கல்லு வரிசைக்கு நடுவுல சிவப்பு செங்கல் வரி ஓடும். நான் அந்த வரியை அழகுக்குன்னு நினைச்சு கொஞ்சம் கோணலா வரைஞ்சு வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு கொத்தனார் அண்ணன் வந்து பார்த்துட்டு, "தம்பி, இது மட்டம் பிடிக்கிற வரி, ஒழுங்கில்லாத கல்லு கட்டும்போது ஏறி இறங்கும், அதுக்குத்தான் நடுவுல செங்கல் போட்டு சமப்படுத்துறது, இதைப் போய் கோணலா போடலாமா"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டு ஸ்கேல் வச்சு மறுபடி போட்டேன், இப்ப பார்த்தா கோபுரமே நிமிர்ந்து நிக்குற மாதிரி இருக்கு.

கூரைதான் பெரிய யோசனை, அதுக்கு கோட்டை கதை கொஞ்சம் தெரியணும். 1209 ஆகஸ்ட்ல போப் அனுப்புன சிலுவைப்படை வந்து முற்றுகை போட்டுச்சு, உள்ள தண்ணி இல்லாம போச்சு, பேச்சுவார்த்தைக்குப் போன இளம் பிரபு ரேமோன் ரோஜே ட்ரென்காவெல பிடிச்சு அவரோட கோட்டையிலயே அடைச்சு வச்சாங்க, நவம்பர்ல அங்கயே செத்தாரு, 24 வயசு. அப்புறம் கோட்டை பிரான்ஸ் ராஜா கைக்குப் போய், வெளி மதில் எழும்பி, ஸ்பெயின் எல்லையைக் காக்குற காவல் கோட்டை ஆச்சு. 1659ல பிரான்சும் ஸ்பெயினும் போட்ட பிரெனே ஒப்பந்தம் வந்து எல்லை தெற்கே தள்ளிப் போனதும் யாருக்கும் வேண்டாத இடமாயிருச்சு, ரெண்டு மதிலுக்கு நடுவுல ஏழைங்க வீடு கட்டிக்கிட்டாங்க, ஜனங்க கல்லைப் பேத்து எடுத்துட்டுப் போனாங்க, 1849ல அரசாங்கம் இடிச்சுடலாம்னே முடிவு பண்ணிருச்சு. உள்ளூர்க்காரர் க்ரோ மேரேவியேயும் எழுத்தாளர் மெரிமேயும் விடாம போராடி நிறுத்துனாங்க. 1853ல கட்டிடக் கலைஞர் வியோலே லெ துக் புதுப்பிக்கிற வேலையை ஆரம்பிச்சாரு, 1879ல அவர் சாகுற வரைக்கும் நடந்துச்சு, அதுக்கப்புறம் போஸ்வில்வால்ட் எடுத்து நடத்துனாரு.

வியோலே லெ துக்தான் கோபுரத்துக்கெல்லாம் கூம்பா சிலேட்டு கல் கூரை போட்டாரு. அப்பவே சண்டை, ஏன்னா இப்படி செங்குத்தான சிலேட்டு கூரை எல்லாம் வடக்கு பிரான்ஸ் பழக்கம், இந்தப் பக்கம் தாழ்வான ஓட்டுக் கூரைதான். 20ஆம் நூற்றாண்டுல சில ரோமர் கோபுரத்துல சிலேட்டை எடுத்துட்டு ஓடு வேஞ்சாங்க, அதனால இன்னைக்கு ஒரே கோட்டையில ரெண்டு விதமும் இருக்கு. "சரியான" கூரையை மட்டும் போடலாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். கடைசியில இன்னைக்கு எப்படி நிக்குதோ அப்படியேதான்னு முடிவு பண்ணிட்டேன், அந்த மனுஷன் மட்டும் வரலைன்னா கூரை போட கோபுரமே மிஞ்சியிருக்காது, அவர் போட்டதை எடுக்க எனக்கு மனசு வரல.

ஓட்டுக் கூரை சுலபமா வந்துச்சு. அட்டைப்பெட்டியை லேசா நனைச்சு மேல்தாளை உரிச்சா உள்ள அலை அலையா இருக்கும்ல, அதை வெட்டி ஒட்டி செம்மண் கலர் அடிச்சா நம்ம நாட்டு ஓடு மாதிரியே இருக்கு, அங்கயும் அதே அரைவட்ட ஓடுதான்.

சிலேட்டு ரொம்ப படுத்திருச்சு. சார்ட் பேப்பரை 4 மில்லிமீட்டர் பட்டையா வெட்டி, பல்லு பல்லா கத்தரிச்சு சுத்துனேன், கூம்பு மேல போகப்போக சுத்தளவு குறையுதே, பட்டை எல்லாம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மூணு தடவை பிச்சுப் போட்டேன். அப்புறம் நேர்ப்பட்டைக்குப் பதிலா காம்பஸ் வச்சு வளைவா வெட்டுனேன், கீழ இருந்து மேல, ஒவ்வொரு வரியும் கீழ்வரியில பாதியை மூடுற மாதிரி. படிஞ்சிருச்சு! வெறும் கருப்பு அடிச்சா தார் பூசுன மாதிரி இருக்கு, வெள்ளையும் ஒரு சொட்டு நீலமும் கலந்து, ஒவ்வொரு துண்டும் லேசா வேற வேற சாயல்ல அடிச்சதும்தான் கல்லு மாதிரி தெரிஞ்சுது. ஒரு கூரைக்கு நாலு சாயங்காலம் ஆகுது, ஒண்ணு முடிஞ்சுது, இன்னும் ரெண்டு இருக்கு.

அடுத்து உள்கோட்டை மதில் உச்சியில வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மர காலரி, அதோட தரையில இருக்குற இடைவெளி வழியா கீழ வர்றவங்க மேல கல்லு போடுவாங்க. அதுக்கு ஐஸ் குச்சியை நீளவாக்குல பிளந்து டீ டிகாஷன்ல ஊறப் போட்டிருக்கேன், காஞ்சதும் கலர் எப்படின்னு பார்க்கணும்.