நீச்சல் குளத்துக்கு உள்நிறம்: தண்ணீருக்குள் போட்டுப் பார்த்த குறிப்புகள்

இடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக் கொல்லையில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் தொட்டி. ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.4. சராசரி 1.2 என்று வைத்தால் 38,400 லிட்டர் பிடிக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வரை வேலை முடிந்துவிட்டது. பாக்கி உள்நிறம் மட்டும்.

கேட்லாக்கைப் பார்த்து நிறம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதில் இருப்பது காய்ந்த டைல்ஸின் நிறம். குளத்தில் கண்ணுக்குத் தெரிவது டைல்ஸும் தண்ணீரும் வானமும் கலந்த நிறம். தண்ணீர் சிவப்பு ஒளியைக் குடித்துவிடும். 1.2 மீட்டர் ஆழத்தில் ஒளி கீழே போய்த் திரும்ப 2.4 மீட்டர் பயணம். அதற்குள் சிவப்பில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. அதனால்தான் வெறும் வெள்ளைக் குளம்கூட வெளிர்நீலமாகத் தெரிகிறது. மணல் நிறம் போட்டால் அதன் மஞ்சளும் தண்ணீரின் நீலமும் சேர்ந்து பச்சை கலந்த நீலம் வரும். சாம்பல் நிறம் ஆழ்நீலமாகும். பக்கெட்டில் ஒரு அடி தண்ணீர் விட்டு டைல்ஸைப் போட்டுப் பார்ப்பது இதனால்தான் பயன்படாது. நிறம் மாற ஆழம் வேண்டும்.

பொருள் எது என்பதில் அதிக நேரம் போகவில்லை. இபாக்சி பெயிண்ட் மலிவு, ஆனால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொடிந்து கையில் ஒட்டும், சில வருடத்துக்கு ஒருமுறை குளத்தை வற்றவைத்துச் சுரண்ட வேண்டும். வெள்ளை சிமெண்டும் சலவைக்கல் மாவும் கலந்த பூச்சு, 1 பங்குக்கு 1.5 முதல் 2 பங்கு, 10 முதல் 12 மி.மீ. கனம், பார்க்க அழகுதான். ஆனால் அதில் நிறம் சேர்ப்பதென்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கரிம நிறமிகள், குறிப்பாக தாலோ நீலம், குளோரினில் வெளுத்துப்போகும். கோபால்ட் நீலம், குரோம் பச்சை மாதிரி ஆக்சைடு நிறமிகள்தான் நிற்கும். அடுத்தது கலவைத் தண்ணீர். இந்தக் கரையில் போர் தண்ணீரில் கலந்தால் உப்பு பூத்து, நிறப்பூச்சில் தேமல் தேமலாக விழும். இதையெல்லாம் பார்த்து 20 மி.மீ. கண்ணாடி மொசைக் என்று முடிவானது.

தரை 32 சதுர மீட்டர், சுவர் 28.8. மொத்தம் சுமார் 61 சதுர மீட்டர், அதாவது 655 சதுர அடி. சில்லுகளை வரிசையாக ஒட்டி வரும் 300-க்கு 300 மி.மீ. ஷீட் 678 ஆகும். வெட்டுக்கழிவு 7 சதவீதம் சேர்த்து 725.

கசிவுச் சோதனையோடு நிறச் சோதனை

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தொட்டியை நிரப்பி 7 நாள் கசிவு பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. நிறம் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அதே ஆழம், அதே வெயில், அதே பனைமர நிழல்.

600-க்கு 600 மி.மீ. சிமெண்ட் பலகை நான்கு. ஒவ்வொன்றிலும் 4 ஷீட் ஒட்டி, சில்லுகளின் இடைவெளியை அடைக்கும் கிரவுட்டும் போட்டு முடித்தது. வெள்ளை, வெளிர்நீலக் கலவை, மணல் நிறம், கருநீலம். நான்கையும் 1.2 மீட்டர் ஆழத்தில் தரையில் இறக்கி, காலை 7, மதியம் 12, மாலை 5.30 என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தோம். தொட்டிக்கு மேல் பச்சை வலை கட்டியிருந்தால் கழற்றிவிட வேண்டும். முதல் நாள் அது மறந்துபோய், வெள்ளைகூடப் பாசி பிடித்த மாதிரி தெரிந்தது.

கருநீலம் காலையில் பிரமாதம்: பனைமரத்தின் பிம்பம் கண்ணாடியில் விழுந்த மாதிரி விழும். மதியம் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் இறங்கும் குளத்தில் இது ஒன்றே போதும் அதைத் தள்ள. அடியில் ஒரு பிள்ளை கிடந்தால் மேலிருந்து பார்த்தவுடன் தெரிய வேண்டும். இன்னொரு காரணம் வெயில். குளிர்நாட்டில் தண்ணீரைச் சூடாக்கக் கருநிறம் போடுவார்கள். இங்கே சித்திரை, வைகாசியில் சாயங்காலம் தண்ணீர் சூடாக இருக்கிறது என்பதுதான் புகாரே.

வெள்ளை, மதியம் கண் கூசியது. மணல் நிறம்தான் எதிர்பாராதது. பலகை வெளியே இருந்தபோது மங்கலான பிஸ்கட் நிறம், உள்ளே போனதும் இளம்பச்சை கலந்த நீலம். தனுஷ்கோடிப் பாதையில் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் பெண் கடல் (அமைதியான பக்கம்), மறுபக்கம் ஆண் கடல் (அலையடிக்கும் பக்கம்) என்று சொன்னால் புரியும். மணல் பலகை பெண் கடல் பக்கம், வெளிர்நீலம் ஆண் கடல் பக்கம் சாய்ந்தது. மேகம் மூடினால் மட்டும் மணல் நிறம் குட்டைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் பாதி நாள் அப்படித்தானே இருக்கும்.

இரண்டடிப் பலகை சின்னது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. சுற்றிலும் சாம்பல் நிறப் பூச்சு இருப்பதால் எல்லா நிறமும் உண்மையைவிட மங்கலாகத் தெரிகிறது. முழுக் குளமும் ஒரே நிறமாகும்போது சுவரும் தரையும் ஒன்றன்மேல் ஒன்று ஒளியை எறிந்து நிறம் கூடும். வீட்டுச் சுவருக்கு ஷேட் கார்டு பார்த்து அடித்தால் அறை முழுக்க ஒரு படி அடர்த்தியாகத் தெரிவதுபோல. எனவே கடைசியில் நின்ற இரண்டு நிறத்துக்கு மட்டும் 1.2 மீட்டர் சதுரத்தில், தலா 16 ஷீட் ஒட்டி மறுபடி இறக்கினோம். பலகையில் பிடித்த அடர்த்தியைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே சரி.

முடிவு: தரைக்கும் சுவருக்கும் வெளிர்நீலமும் வெள்ளையும் மூன்றுக்கு ஒன்று என்ற கலவை. படி விளிம்புகளில் 50 மி.மீ. அகலத்துக்குக் கருநீலக் கோடு, அது அழகுக்கு அல்ல, கால் வைக்கும் இடம் தெரிய.

தண்ணீர்தான் நிறத்தைக் கெடுக்கிறது

கசிவுச் சோதனையின்போது குளத்துப் படியில் ஒரு பக்கெட்டில் அதே தண்ணீரை நிரப்பி, பாதி முங்கும்படி வைப்பது வழக்கம். பக்கெட்டில் இறங்கியது ஆவி; குளத்தில் அதற்கு மேல் இறங்கினால் கசிவு. 7 நாளில் பக்கெட்டில் 42 மி.மீ. குறைந்தது, குளத்திலும் அதேதான். கசிவு இல்லை என்பதோடு இன்னொரு கணக்கும் கையில் கிடைத்தது. நாளுக்கு 6 மி.மீ., 32 சதுர மீட்டருக்கு 192 லிட்டர் ஆவியாகிறது.

ஆவியாவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பும் உப்பும் குளத்திலேயே நிற்கும். இந்தப் போர் தண்ணீரின் கடினத்தன்மை 620 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 620 மில்லிகிராம். தினம் 192 லிட்டர் அதையே ஊற்றினால் நாளுக்கு 119 கிராம் சேருகிறது, குளத்தில் நாளுக்கு 3 பிபிஎம் ஏறும். 250-இல் தொடங்கினால் 50 நாளில் 400-ஐத் தாண்டிவிடும். 200 முதல் 400 வரைதான் குளத்துக்கு நல்லது. அதற்கு மேல் போய், பிஹெச்சும் 7.8-ஐத் தாண்டினால், தண்ணீர் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். அடர்நிற டைல்ஸில் இது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், வெளிர் நிறத்தில் கிட்டப் போனால்தான் தெரியும். இதைச் சோதிக்க, காய்ந்த டைல்ஸில் போர் தண்ணீரைச் சொட்டுவிட்டு வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்தாலே போதும். கருநீலத்தில் வெள்ளை வளையம் துடைத்தும் போகவில்லை. மணல் நிறத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே மேல்விளிம்புப் பட்டை, 150 மி.மீ. உயரம், சுற்றி 24 மீட்டர், மொத்தம் 3.6 சதுர மீட்டர், மணல் நிறம். கடைக்காரர்கள் இந்தப் பட்டைக்கு எப்போதும் கருநீலத்தையே காட்டுவார்கள். உவர் நிலத்தில் அதை ஒத்துக்கொள்ளக்கூடாது.

இரும்புக்கு ஒரு சோதனை. வெள்ளைப் பக்கெட்டில் 10 லிட்டர் போர் தண்ணீர், அதில் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 1 மி.லி. மறுநாள் காலை அடியில் துருநிறம் தங்கினால் இரும்பு உண்டு. அப்படியான தண்ணீரை நேரே நிரப்பி குளோரின் போட்டால் வெளிர்நிறத் தரை முழுக்கத் தேநீர்க் கறை படியும். இங்கே லேசாகத் தங்கியது. அதனால் முதல் நிரப்புக்கு மழைநீர்தான். 140 சதுர மீட்டர் மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் 14,000 லிட்டர், முதல் மழையைக் கழித்துவிட்டு இப்படி மூன்று பெருமழை போதும். குறைந்ததை டேங்கர் நிரப்பியது. காவிரிக் கூட்டுக் குடிநீரை இதற்குத் தொடக்கூடாது; அதற்கு ஊரில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன.

மழைநீரில் சுண்ணாம்பு அறவே இல்லை. அதுவும் கெடுதல், சிமெண்ட் இருக்கும் இடத்திலெல்லாம் அரித்து எடுக்கும். இந்தக் குளத்துக்கு 77 சதவீத கால்சியம் குளோரைடு செதில் 550 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். ஒரே தடவையில் கொட்டக்கூடாது. பக்கெட்டில் கரைக்கும்போது நன்றாகச் சூடாகும், தண்ணீரில் செதிலைப் போட வேண்டுமே தவிர செதில் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு தடவைக்கு 2 கிலோ, அடுத்தது மறுநாள்.

கிரவுட்டும் ஒரு நிறம்

20 மி.மீ. சில்லு, நடுவில் 2 மி.மீ. இடைவெளி. கணக்குப் போட்டால் பரப்பில் 17 சதவீதம் கிரவுட். 61 சதுர மீட்டரில் 10 சதுர மீட்டருக்கு மேல் கிரவுட்தான். வெள்ளைக் கிரவுட் போட்டால் முழுக் குளமும் ஒரு படி வெளிறும், சாம்பல் போட்டால் ஒரு படி அடரும். சோதனைப் பலகையிலேயே கிரவுட் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

கண்ணாடிச் சில்லு ஒளியைக் கடத்தும். பின்னால் இருக்கும் பசையின் நிறம் முன்னால் தெரியும். சாம்பல் பசையில் ஒட்டிய வெளிர்நீலம் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். பாலிமர் கலந்த வெள்ளைப் பசைதான் வேண்டும். பல் கரணையால் இழுத்தபின் அதன் தட்டைப் பக்கத்தால் வரிகளை அழுத்திச் சமப்படுத்தாவிட்டால் சில்லுக்குப் பின்னால் கோடுகோடாகத் தெரியும். சதுர மீட்டருக்கு 4.5 கிலோ வீதம் 20 கிலோ மூட்டை 14 ஆனது. ஷீட் எடுக்கும்போது முன்பக்கம் காகிதம் ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் வலை ஒட்டியதில், வலையைப் பிடித்திருக்கும் பசை தண்ணீரில் ஊறி இளகினால் சில்லு ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

ஒட்டும் முன் ஒரு வேலையை விட்டுவிடக்கூடாது. கசிவுச் சோதனை உவர் தண்ணீரில் நடந்ததால், தென்னைக்குப் பாய்ச்சி வற்றவைத்த பிறகு சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதன் மேல் ஒட்டினால் பசை பிடிக்காது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு நாள் காயவிட்டுத்தான் ஆரம்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒட்டினால் மணல் வந்து ஈரப் பசையில் உட்கார்ந்துவிடும்; காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டியாக வேண்டும்.

கிரவுட் இபாக்சி. சதுர மீட்டருக்கு 1.2 கிலோ, வீணாவது சேர்த்து 1.5. வெயிலில் இது வேகமாக இறுகும். 34 டிகிரியில் முழு டப்பாவையும் கலந்துவிட்டு அரை மணி நேரத்தில் டப்பாவோடு கல்லாகிப்போனது ஒன்று. அதன்பிறகு ஒரு தடவைக்கு 2 கிலோ மட்டும், காலை 6 முதல் 9.30 வரை மட்டும். போட்ட இடத்தை முக்கால் மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான நீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு துடைக்காவிட்டால், பால்படலம் காய்ந்து, பார்த்துப் பார்த்து எடுத்த நிறம் மங்கிவிடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் இபாக்சி போடக்கூடாது, சிலிகான்.

இபாக்சி போட்டு 7 நாள் கழித்துத் தண்ணீர். குளத்து விளக்கு 12 வோல்ட், குளிர் வெள்ளை. மஞ்சள் விளக்கு வெளிர்நீலத்தைப் பச்சையாக்கும்.

நிரப்பி மூன்று மாதம்

பிஹெச் 7.4, காரத்தன்மை 90, கடினத்தன்மை 260. மணல் பட்டையில் படலம் இல்லை. கருவேல இலைத் தூசி தரையில் நன்றாகத் தெரிகிறது. வெளிர் நிறத்தில் அது குறையல்ல, எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

தவறு ஒன்று இருக்கிறது. வடக்கு மூலையில் 12 ஷீட் வேறு பேட்ச். காகிதம் முன்னால் ஒட்டியிருந்ததால் ஒட்டும்போது யாருக்கும் தெரியவில்லை. மதிய வெயிலில் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் சற்று அடர்த்தியாகத் தெரிகிறது. பெட்டியின் பேட்ச் எண்ணைப் பார்த்து, எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு ஷீட்டின் ஓரக் காகிதத்தை நனைத்து உரித்து ஒப்பிட்டு, பிறகு பெட்டிகளைக் கலந்து அடுக்கியிருந்தால் அந்த 12-ம் குளம் முழுக்கப் பரவிக் கண்ணுக்குப் படாமல் போயிருக்கும். மாற்ற உளி வைத்தால் நீர்த்தடுப்புப் பூச்சு கிழியும், ஆகவே அது அப்படியே இருக்கும். மீதமான 20 ஷீட், பேட்ச் எண் எழுதிய அட்டையோடு மோட்டார் அறைப் பரணில்.