ஃபேடரை இறக்கியும் நிற்காத சத்தம்

திருகோணமலையில் இருபது வருசமாக சவுண்ட் வேலை பார்க்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, இவைதான் நம்முடைய உலகம். உப்புவெளியில் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் பசூன் என்கிற ஊதுகருவியும் பியானோவும் வாசிக்கிறார்கள், இரண்டு மைக் போதும் என்று கூப்பிட்டார்கள். சின்ன வேலைதானே என்று தம்பி ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

பசூனை அன்றுதான் நேரில் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் மரக் குழாயை இரண்டாக மடித்து நிமிர்த்திய மாதிரி இருந்தது. வாசிப்பவர் சின்னக் கிண்ணத் தண்ணீரில் நாணல் துண்டை ஊறப்போட்டதைக் கண்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, நம் நாதஸ்வரக்காரரின் சீவாளி போலவே அதற்கும் இரட்டை நாக்கு. அந்தத் தைரியத்தில் நாதஸ்வரத்தின் அகன்ற வாயான அணைசுக்கு நேரே மைக் வைக்கிற பழக்கப்படி இதற்கும் மேல்வாய்க்கு நேரே வைத்தேன். பிழை. மிகத் தாழ்ந்த சுரங்கள்தான் அந்த வழியாக வரும், மற்றதெல்லாம் குழாய் நெடுகிலும் உள்ள துளைகளால் போய்விடும். அவரே மைக்கைத் தூக்கித் தள்ளி வைத்தார்.

ஒத்திகையில் முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1921 இல், தான் இறந்த வருசத்திலேயே, பசூனுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டா. அழகாக இருந்தது, எனக்கு வேலையே இல்லை. அடுத்தது இந்தக் காலத்தில் எழுதியது. ஊதாமல் சாவிகளை மட்டும் டக்டக்கென்று தட்டுகிறார், வெறும் மூச்சு விடுகிறார். இத்தனை வருசமாக நான் வெட்டி எறிகிற சத்தங்கள்! மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியில் வெட்டினேன். வாசிப்பை நிறுத்திவிட்டு வந்து தாளைக் காட்டினார்: ஒவ்வொரு தட்டுக்கும் பெருக்கல் குறி போட்டு ஒரு சுரம். (தட்டுகிற பகுதி நீளம் கூட. பாதி போதும் என்பது இன்றைக்கும் என் அபிப்பிராயம்.)

மானம் போனது அதற்கப்புறம்தான். பியானோ வாசிப்பவர் வலது மிதியை அமத்திப் பிடித்திருக்க, இவர் போய் மூடி திறந்த பியானோவுக்குள் குனிந்து ஒரு சுரத்தை உரக்க ஊதி நிறுத்தினார். ஊதல் நின்ற பிறகும் 'ஊ' என்று ஒன்று தொடர்ந்தது. மைக் ஊளை என்று பாய்ந்து, மிக்சரில் சத்தத்தைக் குறைக்கிற ஃபேடரை இறக்கினேன், நிற்கவில்லை. மொத்தச் சத்தத்துக்குமான மாஸ்டரையும் இறக்கினேன். நிற்கவில்லை.

"அண்ணே, மைக் ரெண்டும் ஓஃப்ல இருக்கு," என்றான் தம்பி.

மிதியை அமத்தினால் கம்பிகளை அடக்கி வைத்திருக்கிற கம்பளிக் கட்டைகள் எழும்பிவிடுமாம், அப்போது ஊதிய சுரத்தோடு ஒத்துப்போகிற கம்பிகள் தாமாகவே அதிரும். உயர்தரத்தில் பரிவு என்று படித்ததுதான்: இசைக்கவையை வைத்ததும் சுரமானிக் கம்பியின் மேலிருந்த கடதாசித் துண்டு துள்ளி விழுந்ததை ஆய்வுகூடத்தில் பார்த்துக் கைதட்டியவன் நான்.

இரவு நிகழ்ச்சியில் அதே இடம் வந்தது. 'ஊ' எழும்பியதும் முன்வரிசைக் கதிரைகளிலிருந்து நாலைந்து தலைகள் கோபமாக என் பக்கம் திரும்பின. இரண்டு கையையும் மிக்சரிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினேன்.