உப்பு பூத்த தகடு

"ஃபில்டரை விடுங்கண்ணா, மாடிக்கு வந்து இதப் பாருங்க" என்றார் ஏசி சர்வீஸுக்கு வந்த தம்பி.

அவுட்டோர் யூனிட்டில் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. உப்பு அரித்த அலுமினியம்.

தகடு அரித்துவிட்டால் சூடு சரியாக வெளியேறாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில்லும் ஏறும்.

கேஸ் போடணுமா என்று கேட்டேன். அளந்து பார்த்தார். "லீக் இல்லாம கேஸ் குறையாதுண்ணா. சரியா இருக்கு." போடாத கேஸுக்குக் காசு வாங்காத அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் ஒன்று சொன்னார். "மாசத்துக்கு ஒரு தடவ மெயினை ஆஃப் பண்ணிட்டு தண்ணி ஊத்திக் கழுவுங்க. ஆனா போர் தண்ணி வேணாம், அதுவும் உப்பு."

திருவொற்றியூரில் குடத்தோடு மெட்ரோ வாட்டருக்கு நின்று வளர்ந்தவன் நான். மெஷினுக்கும் நல்ல தண்ணீர் வேண்டியிருக்கிறது.

மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், கொஞ்சம் பொறு என்பார் அம்மா. ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். எங்களைத் தூங்கவைத்த அதே காற்றுதான் இன்று இந்தத் தகட்டைத் தின்கிறது.

அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வாளி மெட்ரோ தண்ணீரை மாடிக்கு ஏற்றி வைத்திருக்கிறேன்.