பெயர் மட்டும் வேறு

வரலாறுதான் என் முதன்மைப் பாடம். பாஸ்டனில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, சமூகத்தை எண்களையும் தரவுகளையும் கொண்டு ஆராயும் அளவுசார் சமூக அறிவியலைத் துணைப் பாடமாக எடுக்கப்போவதாக மதுரையில் இருக்கும் அப்பாவிடம் சொன்னேன். "கணக்கு வேண்டாம் என்றுதானே வரலாற்றுக்குப் போனாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது வாரம்தான் பதில் கிடைத்தது.

அன்றைய பயிற்சிக்கு ஒரு தரவுக் கோப்பு தந்தார்கள். 4,870 வரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு வேலை விண்ணப்பம். பெயர், பாலினம், இனம், நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்ததா இல்லையா என்று நான்கே பத்திகள். முதல் வரிசையில் அலிசன், அடுத்தது கிறிஸ்டன், மூன்றாவது லக்கீஷா. மூவருக்குமே கடைசிப் பத்தியில் சுழியம், அதாவது அழைப்பு இல்லை.

இவர்களில் ஒருவரும் உண்மையான ஆள் இல்லை. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2001, 2002இல் பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிய கற்பனை பயோடேட்டாக்கள் அவை. செந்தில் என்ற பெயரை அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த பயோடேட்டாவுக்கு எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்திருந்தார்கள். வெள்ளையர் பெயர்களுக்கு 9.65 சதவீதம் அழைப்பு. கறுப்பினத்தவர் பெயர்களுக்கு 6.45. ஓர் அழைப்புக்கு எமிலி என்ற வெள்ளையர் பெயர் கொண்டவர் பத்து விண்ணப்பம் அனுப்பினால் போதும், லக்கீஷா என்ற கறுப்பினத்தவர் பெயர் கொண்டவர் பதினைந்து அனுப்ப வேண்டும்.

புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில் ஒரே வரி எழுதி இந்த வித்தியாசத்தை நானே கணக்கிட்டேன். வரலாற்று வகுப்பில் பாகுபாடு பற்றிப் பேசும்போதெல்லாம், "படிப்பு குறைவாக இருந்திருக்கலாமே, அனுபவம் போதாதோ" என்று யாராவது கிளப்புவார்கள். விவாதம் அங்கேயே நின்றுவிடும். குலுக்கல் அந்த வாயை அடைத்துவிடுகிறது. இரு பக்கமும் அதே படிப்பு, அதே அனுபவம்.

எண்ணைக் கண்டதும் நம்பிவிடவும் கூடாது. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் காணாமல் போகிறது. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்று கேட்டால் மறுபடி வரலாற்றுக்குத்தான் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் எனக்குப் பிடித்ததே இந்தப் போக்குவரத்துதான்.

போன மாதம் நூலகத்தில் 2001ஆம் ஆண்டின் 'பாஸ்டன் குளோப்' ஞாயிறு இதழ்களை நுண்படச் சுருளில் ஓட்டிப் பார்த்தேன். விற்பனையாளர் தேவை, எழுத்தர் தேவை, வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் தேவை. சில விளம்பரங்களின் அடியில், இது சமவாய்ப்பு அளிக்கும் நிறுவனம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படி அறிவித்துக்கொண்ட நிறுவனங்களும் மற்றவர்கள் அளவுக்கே பாகுபாடு காட்டின என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. அந்த வரி வரும் விளம்பரங்களை மட்டும் தனியாக நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை இரண்டு சுருள்கள் முடிந்திருக்கின்றன.