ஐந்து படங்கள் பாக்கி

ஜூலை 9

கானாடுகாத்தான் வந்து சேர்ந்தேன். பெட்டியைத் திறந்தபோது அடியில் தூரிகைச் சுருள் இருந்தது. எடுத்து வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

ஜூலை 10

காரைக்குடியில் மருத்துவரைப் பார்த்தோம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். மணிக்கட்டோரம் பாய்ந்த வலியில் அவர் மேசைமேல் இருந்த பேனாக் குவளையைத் தட்டிவிட்டேன். டி குவெர்வெய்ன் என்று சீட்டில் எழுதினார். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்களின் உறை தடித்துவிட்டதாம். நான்கு வாரம் பட்டை அணிய வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். படம் வரைகிறேன் என்றேன். "அது சரி, வேலை?" என்றார்.

ஜூலை 11

தூங்கினேன்.

ஜூலை 13

பதிப்பகத்திலிருந்து மூன்று அழைப்புகள். எடுக்கவில்லை. பன்னிரண்டில் ஏழு முடிந்திருக்கிறது, முன்பணம் முழுவதும் முடிந்திருக்கிறது. ஏழாவது படத்தில் குளத்தங்கரையில் நிற்கும் சிறுமியின் முகம், முதல் படத்துச் சிறுமியின் முகம் அல்ல. அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஜூலை 16

ஓய்வுக்கு ஓர் அட்டவணை எழுதியிருந்தேன்: ஐந்தரைக்கு ஊருணி வரை நடை, பிறகு மூச்சுப் பயிற்சி, ஒன்பது மணி வரை கைபேசி இல்லை, மதியம் ஒரு மணி நேரம் கண்ணுக்கு ஓய்வு. நான்காம் நாளே அதில் இரண்டைத் தவறவிட்டுக் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருந்தேன். அயித்தை தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு நீ படமே போட்டுக்கிட்டு இருக்கலாமே ஆத்தா" என்றார். தூரிகைச் சுருளையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டகசாலையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட் என்பதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் நெடுநாள் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையின் மேல் விலகலும் கசப்பும், ஒன்றையும் உருப்படியாகச் செய்ய இயலவில்லை என்ற எண்ணம். முதலாவதும் மூன்றாவதும் எனக்குப் பழகிப்போனவை. அவற்றோடுதான் பத்து ஆண்டுகளாக வரைந்தேன். இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது. அந்தச் சிறுமியை நான் வெறுப்போடு வரைந்தேன். கவனக்குறைவால் முகம் மாறியது என்று அவர்களிடம் சொல்லலாம், எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. வேலையிடம் என்கிறார்களே, என் வேலையிடத்தில் விடுப்புக் கேட்பவளும் மறுப்பவளும் நான்தான். யாரிடம் போய் முறையிடுவது?

ஜூலை 19

ஆடிக்காற்று. வளவு முழுவதும் புழுதி. பட்டைக்குள் அரிக்கிறது.

ஜூலை 22

அயித்தைக்குப் பின்கட்டில் உடைந்த தரைக்கற்களை மாற்ற வேண்டுமாம். என்னையும் ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனார். பட்டறையில் ஒருவர் கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது நிறங்கள் ஒன்றையொன்று தொட்டன, ஆனால் கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன்செய்தார். சூளையே கிடையாது. இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும், பிறகு காயும். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. நான் வெகுநேரம் பார்த்தது வேறொன்றை: பூவின் முகம் கண்ணாடியின் பக்கம் இருக்கிறது. ஊற்றுகிறவர் அதன் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார். முகம் எப்படி வந்தது என்பது கண்ணாடி கழன்ற பிறகே தெரியும்.

மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "காயாதும்மா, அன்னைக்கு லீவுதான்" என்றார். அந்த நாளில் கூலி உண்டா என்று நான் கேட்கவில்லை. உவமை தேடும் புத்தி விழித்துக்கொண்டதை உணர்ந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 25

அழைப்பை எடுத்தேன். கை சரியாகும் நாளைச் சொல்ல முடியாது என்றேன். இதுவரை எல்லோரிடமும் நான் சொன்ன பதில் "அடுத்த வாரம்" ஒன்றுதான். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. மீதி ஐந்து படங்களையும் வேறொருவரிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள், கொடுங்கள் என்றேன். மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 26

யாரிடம் கொடுத்திருப்பார்கள்? அவர் எந்த முகத்தைப் பார்த்து வரைவார், முதல் படத்து முகத்தையா, ஏழாவதையா?

ஜூலை 27

ஏழாவதை மாற்றித் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம் என்று செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அப்பத்தா சித்ரான்னம் கட்டிக் கொடுத்தார், ஊருணிப் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்துப் படியில் ஒரு சிறுமி காலை நீரில் விட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6

நாளை பட்டையைக் கழற்றுவார்கள். பெட்டகசாலைச் சாவி அயித்தையின் இடுப்பில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.